கஅபாவைக் காணாத ஹாஜிகள்

ஹிஜ்ரி 1394, துல்கஃதா மாதம். ஆங்கில ஆண்டுப்படி 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு. இந்தோனேஷியாவின் சுரபாயா நகரிலிருந்து 182 ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கிப் புறப்பட்ட மார்ட்டின்ஏர் என்னும் டச்சு நிறுவனத்தின் டி.சி.8 விமானம், இடையே கொழும்பில் தரித்துச் செல்வதற்காக இலங்கை வானில் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

மணி பத்தைக் கடந்த வேளையில், மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் அது மோதிச் சிதறிற்று. கட்டுநாயக்க விமான நிலையமோ மேற்கே இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில் இருந்தது. சிப்பந்திகள் 9 பேர் உட்பட 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் பேரிழப்பு இதுவே.

கஅபாவைக் காணாமலே கண்மூடிய அந்நல்லோரின் நிய்யத்து வீணாயிற்றா? இல்லை. அல்லாஹ்வுக்காக இல்லம் துறந்து ஹிஜ்ரத் புறப்பட்டவரை வழியில் மரணம் தழுவினாலும், அவருடைய நற்கூலி இறைவனிடம் உறுதியாகிவிடும் என்பது திருமறையின் அந்நிஸா அத்தியாயம் தரும் நற்செய்தி. இது ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கும் பொருந்தும் என்பது விரிவுரையாளர்கள் கருத்து.

ஆயினும், எல்லாம் விதி என்று கூறி வாளாவிருத்தல் மார்க்கம் காட்டிய நெறியன்று. ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு பணித்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். காரணத்தை ஆராய்வதும் அமானிதத்தின் பாற்பட்டதே.

விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர் என்று விசாரணை கண்டது. பிழையாகப் பொருள்கொள்ள இடமளிக்கும் டாப்ளர், வானிலை ராடார் கருவிகளையே அவர்கள் நம்பியிருந்தனர் என்பதும் அதன் கருத்து.

இதற்கு மூன்று நாள் முன்னர்தான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், தரையிறங்க வந்த மற்றொரு விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தனர். அதன்பின், தரை நெருங்குவதை உணர்ந்து விமானியை எச்சரிக்கும் கருவியை அந்நாடு பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கிற்று. நாளடைவில் பிற நாடுகளும் அதனை ஏற்றன. இத்தகைய விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. தவக்குலும் தற்காப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதுவே சான்று.

நோர்ட்டன் பிரிட்ஜில் அப்பயணிகளுக்கு நினைவுச் சின்னம் உண்டு. மலைநாட்டுக்குச் செல்லும் அன்பர்களே! அங்கே சற்று நின்று, அவர்களுடைய மஃபிரத்துக்காகக் கையேந்துங்கள். அவர்களின் பயணத்தை ஏற்றருளப்பட்ட ஹஜ்ஜாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.