சிபியு கூட்டினால் சர்வர் ஏன் மெதுவாகிறது?

சர்வர் மெதுவா இருக்கா? ரெண்டு சிபியு சேர்த்துப் போடு. மெய்நிகர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற எந்த இடத்திலும் முதலில் வரும் யோசனை இதுதான். சர்வர் என்பது ஒரு நிஜப் பெட்டியாக இருந்த காலத்தில் இதில் தப்பில்லை. சேர்த்த சிபியு அந்தப் பெட்டிக்கே சொந்தம். விஎம் எனும் மெய்நிகர் கணினியில் கதை வேறு. அங்கே சிபியுவைக் கூட்டிக் கூட்டியே ஒரு சர்வரைத் தவழ வைக்க முடியும். விஎம்வேரின் விசிபி சான்றிதழுக்குப் படித்த மாதங்களில் எனக்கு நிஜமாகவே கைகொடுத்த பாடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு ஹோஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் 12 கோர், ஆக 24. அதன்மேல் 14 விஎம் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் கொடுத்த விசிபியுவைக் கூட்டினால் 66. இருப்பது 24, கொடுத்தது 66. இது மோசடி இல்லை. மெய்நிகராக்கத்தின் லாபமே இதில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நொடியில் வேலை வராது என்ற நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு. ஆகவே விசிபியு என்பது சிபியு அல்ல, வரிசையில் நிற்க ஒரு டோக்கன். விஎம்முக்கு வேலை இருக்கிறது, ஓடத் தயார், ஆனால் கோர் காலி இல்லை. அப்படிக் காத்திருக்கும் நேரத்துக்குத்தான் ‘சிபியு ரெடி’ என்று பெயர். பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல! கேட்டால் ஏதோ நல்ல சேதி மாதிரி இருக்கிறது. கூடினால் கெட்டது.

இதுவரை சாதாரண வரிசைதான். ஒரே விஎம்முக்குப் பல விசிபியு கொடுக்கும்போதுதான் சிக்கல். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தவருக்கு எங்காவது ஒரு இலை கிடைத்துவிடும். எட்டுப் பேர் குடும்பம், ‘சேர்ந்துதான் உட்காருவோம்’ என்றால் எட்டு இலை ஒன்றாகக் காலியாகும்வரை வாசலில் நிற்கணும். பழைய இஎஸ்எக்ஸ் 2 இப்படித்தான் கறாராக நடந்துகொண்டது. 2006-இல் வந்த இஎஸ்எக்ஸ் 3 தளர்த்திவிட்டது: கிடைத்த இலையில் உட்காரலாம், ஆனால் ஒருவர் மட்டும் பாயசம்வரை போய்விட்டால், மற்றவர்கள் சாம்பாருக்காவது வரும்வரை அவரை நிறுத்தி வைக்கும். அந்த நிறுத்தலுக்குப் பெயர் ‘கோ-ஸ்டாப்’.

ஏன் சேர்ந்து சாப்பிடணும்? உள்ளே ஓடும் விண்டோஸோ லினக்ஸோ, தன் சிபியுக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு விசிபியு ஒரு பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது அதை வெளியே தள்ளிவிட்டால், இன்னொன்று அந்தப் பூட்டுக்காகச் சும்மா சுற்றிச்சுற்றி வரும். அந்தச் சுற்றலுக்கும் நிஜக் கோர் செலவாகிறது. இதில் இன்னொன்று, பல மென்பொருள்கள் கண்ணில் படும் சிபியுவை எண்ணி, அத்தனை த்ரெட்டைக் கிளப்பிவிடும். பதினாறு கொடுத்தால் பதினாறும் ஒரே நேரத்தில் கை நீட்டும்.

இனி கணக்கு. விசென்டரின் நேரலை வரைபடம் 20 நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். அதில் ஒரு விசிபியுவுக்கு ரெடி 1,000 மில்லிநொடி என்றால் 20,000-இல் 1,000, அதாவது 5 சதவீதம். பொதுவாக 5 தாண்டினால் கவனிக்கணும், 10 தாண்டினால் பயனர் போன் அடிப்பார். ஆனால் ‘கடந்த நாள்’ வரைபடத்துக்கு மாறினால் இடைவெளி 300 நொடி. அதே 5 சதவீதம் இப்போது 15,000 என்று தெரியும். இடைவெளி தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து அலறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மொத்த விஎம்முக்கான எண் என்றால் விசிபியு எண்ணிக்கையாலும் வகுக்கணும்.

நான் பராமரிக்கிற ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் விஎம்முக்கு 16 விசிபியு. மென்பொருள் விற்றவர்கள் கேட்ட எண் அது. மாதக் கடைசியில் பட்டியல் ஓட நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வங்கிக்கு ஃபைல் சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் எல்லோருக்கும் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போகும். வீட்டுக்கடன் தவணைக்காரர்களுக்கு அந்த ஒரு நாள் சின்ன விஷயமில்லை. ஓடும்போது பார்த்தேன்: ரெடி 28,800. இருபதாயிரத்தால் வகுத்தால் 144 சதவீதம், பதினாறால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 9. கோ-ஸ்டாப்பும் ஏறியிருந்தது. ஆனால் சிபியு பயன்பாடு சராசரி 18 சதவீதம்தான். பதினாறில் 18 சதவீதம் என்றால் மூன்று கோருக்கும் குறைவான வேலை.

நாலாகக் குறைக்கலாம் என்றேன். கணக்குப் பிரிவு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “சோறு பத்தலைன்னு சொன்னா, இலையைச் சின்னதா போடுறேங்கறீங்களே தம்பி?”

நியாயமான கேள்விதான். கூட்டுவதை விஎம் ஓடும்போதே செய்ய முடியும், அதற்கான அமைப்பை முன்கூட்டியே போட்டிருந்தால். குறைக்க வேண்டுமென்றால் விஎம்மை நிறுத்தியே ஆகணும். அதனால்தான் பல இடங்களில் எண் ஏறுகிறதே தவிர இறங்குவதே இல்லை. மெதுவானால் மறுநாளே பதினாறு திரும்பும் என்ற நிபந்தனையோடு ஒரு ஞாயிறு இரவு அனுமதி கிடைத்தது. அந்த மாதப் பட்டியல் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. ரெடி 2 சதவீதத்துக்கு வந்தது. பக்கத்தில் ஓடிய விஎம்களும் கொஞ்சம் மூச்சு விட்டன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் இன்னொரு சர்வரையும் பார்க்கச் சொன்னார்.

எப்போதும் குறைப்பதுதான் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயன்பாடு 90-ஐத் தொட்டு, ரெடி குறைவாக இருந்தால் அந்த விஎம்முக்கு உண்மையாகவே பசி, கூட்டுங்கள். இரண்டும் அதிகம் என்றால் ஹோஸ்ட் நிரம்பிவிட்டது. விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துங்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்று நிலையையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது நல்லது.

விஎம்வேர் 2023 நவம்பரில் பிராட்காம் கைக்குப் போனபின் உரிம விதிகள் மாறிவிட்டதால், பழகிப் பார்க்க அதுவேதான் வேண்டும் என்றில்லை. இரண்டு கோர், நாலு த்ரெட் உள்ள பழைய லேப்டாப் போதும். இலவசமாகக் கிடைக்கும் ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்றி, தலா நாலு விசிபியுவோடு இரண்டு லினக்ஸ் விஎம் போடுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் இருப்பது கேவிஎம். அது விசிபியுக்களைப் பந்தி மாதிரி சேர்த்து உட்காரவைப்பதில்லை, ஆனால் வரிசை வரிசைதான். இரண்டிலும் ஸ்ட்ரெஸ்-என்ஜி ஓடவிட்டு, ஒன்றில் ‘டாப்’ கட்டளை கொடுத்து, சிபியு வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று நிற்கும் எண்ணைப் பாருங்கள். ‘ஸ்டீல்’ என்பதன் சுருக்கம். ரெடிக்கு அது சகோதரன். ஐம்பதையொட்டி நிற்கும். அப்படியே இரண்டாவது விஎம்மை நிறுத்துங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.