ஹார்ட்ஃபோர்டு மாநாடும் அரசியல் சட்டத் திருத்தக் கோரிக்கைகளும்

கூட்டாட்சி நாட்டில் ஒரு வட்டாரத்தின் மனக்குறை எவ்வழியில் வெளிப்பட வேண்டும்? இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. 1814 டிசம்பர் 15ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடிய மாநாடு அதற்கு விடை காண முயன்றது. வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் ஐந்து மாநிலங்களிலிருந்து வந்த 26 பேராளர்கள் அதில் கலந்துகொண்டனர். மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் கேபட் தலைமை வகித்தார்.

குறைகளின் தோற்றம்

கடல் வாணிகமே இவ்வட்டாரத்தின் உயிர்நாடி. 1807இல் ஜெஃபர்சன் அரசு வெளிநாட்டு வாணிகத்துக்குத் தடை விதித்தபோது துறைமுகங்கள் வெறிச்சோடின. 1809இல் அத்தடை நீங்கியது. ஆயினும் 1812இல் பிரிட்டனுடன் போர் மூண்டது. மாநிலக் குடிப்படைகளை மத்திய அரசின் ஆணைக்கு உட்படுத்த மாசச்சூசெட்ஸ், கனெக்டிகட் ஆளுநர்கள் மறுத்தனர். பாதுகாப்புச் செலவை ஏற்பது யார் என்ற பூசல் முற்றியது.

இவற்றினும் ஆழமானது பிரதிநிதித்துவம் பற்றிய குறை. கீழவை இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கு மக்கள்தொகையில் சேர்க்கப்பட்டது. வாக்குரிமையற்ற அடிமைகளின் தொகை, அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தவர்களின் அரசியல் வலிமையைப் பெருக்கிற்று. மேலும், 1789 முதல் நான்கு ஆண்டுகள் நீங்கலாக, வர்ஜீனியா மாநிலத்தவரே குடியரசுத் தலைவர்களாக இருந்துவந்தனர். 1803இல் வாங்கப்பட்ட லூசியானா நிலப்பரப்பில் புதிய மாநிலங்கள் தோன்றினால் தம் செல்வாக்கு மேலும் குன்றும் என்றும் வடகிழக்கினர் அஞ்சினர்.

ஏழு திருத்தங்கள்

பிரிவினைப் பேச்சு சிலரிடையே இருந்தபோதிலும், மாநாட்டின் அறிக்கை அதனைப் பரிந்துரைக்கவில்லை. ஏழு திருத்தங்களையே கோரியது. சுதந்திர மக்களின் தொகைக்கேற்பவே கீழவை இடங்களும் நேர்முக வரியும் பங்கிடப்பட வேண்டும். புதிய மாநிலங்களைச் சேர்க்கவும், வெளிநாட்டு வாணிகத்தை நிறுத்தவும், தற்காப்புக்காக அன்றிப் போர் அறிவிக்கவும் காங்கிரசின் ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். கப்பல் தடை 60 நாட்களுக்கு மேல் நீடிக்கலாகாது. இனிக் குடியுரிமை பெறும் வெளிநாட்டினர் காங்கிரசிலும் மத்திய அரசுப் பதவிகளிலும் இடம்பெறலாகாது. குடியரசுத் தலைவர் ஒரு முறையே பதவி வகிக்கலாம். அடுத்தடுத்து ஒரே மாநிலத்தவர் அப்பதவிக்கு வரலாகாது.

விளைவு

1815 ஜனவரி 5ஆம் நாள் மாநாடு முடிவுற்றது. மாசச்சூசெட்ஸின் தூதுவர்கள் வாஷிங்டன் சென்ற வேளையில், நியூ ஆர்லியன்ஸ் வெற்றிச் செய்தியும் கெண்ட் சமாதான உடன்படிக்கைச் செய்தியும் தலைநகரை எட்டின. கோரிக்கைகள் கேட்பாரற்றுப் போயின. போர்க்காலத்தில் மூடிய அறையில் கூடியதனால் நாட்டுப்பற்றற்றோர் என்ற பழி அவர்களைச் சூழ்ந்தது. அவர்களது ஃபெடரலிஸ்ட் கட்சியும் 1816 தேர்தலுக்குப் பின் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் வலிமையை இழந்தது.

ஆயினும் அவர்கள் சுட்டிய குறைகள் அனைத்தும் பொய்யல்ல. ஐந்தில் மூன்று பங்குக் கணக்கு, உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் நிறைவேறிய 14ஆம் திருத்தத்தால் மறைந்தது. அடிமைகளாயிருந்தோர் அதற்குள் விடுதலை பெற்று, முழு மனிதராகவே எண்ணப்பட்டனர். 1814இல் ஹார்ட்ஃபோர்டில் கூடியோர் கேட்டதோ அவர்களைக் கணக்கினின்றும் நீக்குவதையே. குடியரசுத் தலைவராக ஒருவர் இரு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற வரம்பு 1951இல் 22ஆம் திருத்தமாக வந்தது.

குறை உண்மையாயினும் அதனை எடுத்துரைக்கும் காலமும் முறையும் மக்களின் நம்பிக்கையைப் பெற வேண்டும். தன் வட்டாரத்தின் நலனைக் கடந்து பொது நீதியை நாடும் கோரிக்கையே பிற மாநிலங்களின் இசைவைப் பெறும். ஹார்ட்ஃபோர்டு மாநாடு உணர்த்துவது இதுவே.