நோயாளி வாழும் இல்லத்திற்கு ஏற்ற பல்லாண்டுச் செடிகள்

சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பும் நாளில், மருந்துகளைப் பற்றிய விளக்கங்களையெல்லாம் கேட்டு முடித்த பின்னர், பலர் சற்றுத் தயங்கி இறுதியாக ஒரு கேள்வியை எழுப்புகின்றனர்: "இனிமேல் தோட்டத்து வேலை செய்யலாமா, டாக்டர்?" பொள்ளாச்சிப் பகுதியில் இக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. தென்னந்தோப்பிலும் வயலிலும் வாழ்நாளைச் செலவிட்டவர்களுக்கு, மண்ணைத் தொடாத நாள் நோயுற்ற நாளாகவே தோன்றும்.

பெரும்பாலானோருக்கு எங்கள் விடை "செய்யலாம்" என்பதே. மெல்ல நடப்பதும், களை பறிப்பதும், அளவோடு நீர் விடுவதும் உடலுக்கு நல்ல பயிற்சி, மனத்திற்கும் ஆறுதல். ஆயினும், எந்தச் செடிகளை வளர்ப்பது என்பதில் நோயாளியின் குடும்பம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகச் சிந்திக்க வேண்டும்.

சில காலம் முன்பு, முதியவர் ஒருவர் ஏறத்தாழ மூன்று வாரம் எங்கள் பிரிவில் தங்கிச் சிகிச்சை பெற்றார். மனைவியும் மகனும் மாறி மாறி உடனிருந்ததால் வீடு பூட்டியே கிடந்தது. மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மையார், "தொட்டியில் இருந்த ரோஜாவெல்லாம் காய்ந்துவிட்டது, கறிவேப்பிலையும் இட்லிப்பூவும் கற்றாழையும் மட்டும் எங்களுக்காகக் காத்திருந்தன" என்றார். நீண்ட நாள் நோயுடன் வாழும் குடும்பத்திற்கு வேண்டிய தோட்டம் எது என்பதற்கு அவர் சொற்களே போதும். நாம் கவனிக்க இயலாத நாள்களில் அது காத்திருக்க வேண்டும். நாம் திரும்பி வரும்போது எவ்வகையிலும் தீங்கு செய்யலாகாது.

முதலில் உடலின் வலிமையை அளந்து பாருங்கள்

ஆண்டுதோறும் விதைத்துப் பிடுங்கி மீண்டும் விதைக்க வேண்டிய செடிகள் தொடர்ந்து உழைப்பைக் கோரும். பல்லாண்டுச் செடிகளுக்கு ஒருமுறை குழி எடுத்தால் போதும். முதல் ஆண்டு முழுவதும் ஒழுங்காக நீர் விட்டு வேரூன்றச் செய்துவிட்டால், பின்னர் அவற்றின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நிறைந்த பத்து லிட்டர் வாளியைத் தூக்குவது பத்துக் கிலோ சுமையைத் தூக்குவதாகும். மார்பெலும்பைத் திறந்து செய்யும் இதய அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள், எலும்பு கூடும் வரை, அதாவது பொதுவாக 6 முதல் 12 வாரங்கள், பளுவைத் தூக்குவதும் தள்ளுவதும் இழுப்பதும் கூடாது. குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும் மருத்துவர் குறிப்பிடும் காலம் வரை இக்கட்டுப்பாடு உண்டு. அவர்கள் சிறு குவளையால் நீர் விடட்டும். அல்லது குழாய் இணைப்பையோ சொட்டுநீர்க் குழாயையோ பயன்படுத்தட்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இடுப்புயரத் திண்ணை மீது தொட்டிகளை வைத்துக்கொண்டால் குனிய வேண்டியதில்லை. அமர்ந்து இளைப்பாற ஓர் இருக்கை அவசியம். ஆனால் அது தென்னை மரத்தடியில் இருக்கலாகாது.

நம் ஊர் மண்ணும் காற்றும்

பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் பொள்ளாச்சி அமைந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகமும் ஈரமும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்மை வந்தடைகின்றன. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி முதல் மே வரை வறட்சி. எனவே ஜூன், ஜூலை மாதங்களிலோ அக்டோபரிலோ நட்டால், வேரூன்றும் காலத்தில் மழையே பாதி வேலையைச் செய்துவிடும். காற்று வீசும் பக்கத்தில், எளிதில் ஒடியும் கிளைகளையுடைய முருங்கையை வீட்டை ஒட்டி நட வேண்டாம்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. தென்னை மட்டையும் நார்க்கழிவும் இங்கே எளிதில் கிடைக்கும். நன்கு மக்கிய நார்க்கழிவைத் தொட்டி மண்ணில் கலந்தால் ஈரம் நீண்ட நாள் நிற்கும். தரையில் நட்ட செடிகளைச் சுற்றி இரண்டு, மூன்று அங்குல உயரத்திற்கு மட்டைகளைப் பரப்பினால் நீர்த் தேவையும் களையும் குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்கட்டும்.

நடத்தக்க செடிகள்

கறிவேப்பிலை. முதல் ஆண்டில் மெதுவாகவே வளரும், பொறுமை தேவை. பின்னர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் நுனியை வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். கை எட்டும் உயரத்திலேயே இலை பறிக்கலாம்.

இட்லிப்பூ. வெட்சி இனத்தைச் சேர்ந்த இச்செடிக்கு முள் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். கரிசல் மண்ணிலும், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலும் இலைகள் மஞ்சளாக மாறலாம். மக்கிய எரு இட்டு, மழைநீர் கிடைக்கும்போது அதை விட்டால் தேறிவிடும்.

செம்பருத்தி. குச்சி நட்டாலே வளரும். மாவுப்பூச்சி தாக்கினால் பாதிக்கப்பட்ட நுனிகளை வெட்டி அகற்றி, சோப்புக் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நோயாளி உள்ள வீட்டில் பூச்சிக்கொல்லி நஞ்சுகளைச் சேமித்து வைக்க வேண்டாம்.

கற்பூரவல்லி. ஒரு கிள்ளுக் கிளையே போதும். வாசம் நுகர்ந்து பழகிய செடி. பார்வை குறைந்தவர்களும் தொட்டும் முகர்ந்தும் அடையாளம் காணலாம்.

சோற்றுக்கற்றாழை. பல வாரம் நீரின்றித் தாங்கும்; மிகுதியான நீரால்தான் அழுகும். இலையை வெட்டும்போது வடியும் மஞ்சள் நிறப் பால் கடுமையான பேதியை உண்டாக்கி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ டிகாக்சினோ உட்கொள்ளும் இதய நோயாளிகளுக்கு இது ஆபத்தானது. ஆகவே அவர்கள் கற்றாழையை உள்ளுக்கு உண்ணலாகாது.

உண்ணும் செடிகளில் கவனம்

தோட்டத்தில் விளைந்தது தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை நம்மிடம் ஆழமாக உள்ளது. அந்த நம்பிக்கையால் துன்புற்றவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

இன்சுலின் செடி என்று அழைக்கப்படும் செடி இன்று பல வீடுகளில் வளர்கிறது. கிழங்கிலிருந்து தானே தழைக்கும். அழகுக்கு வளர்ப்பதில் தடையில்லை. ஆனால் அதன் இலையை மென்றுகொண்டு இன்சுலின் ஊசியையோ மாத்திரையையோ நிறுத்துவது பெருந்தவறு. நித்தியகல்யாணிக்கும் இது பொருந்தும். இரத்தப் புற்றுநோய்க்கு நாங்கள் தரும் வின்கிறிஸ்டின் மருந்து அச்செடியிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. அத்தகைய வலிமையான பொருள்கள் அடங்கிய செடியைச் சர்க்கரை நோய்க்கென்று வீட்டில் அரைத்துக் குடிக்கலாகாது.

மல்டி வைட்டமின் கீரை என விற்கப்படும் தவசிக்கீரை, எளிதில் வளரும் பல்லாண்டுக் கீரை. சமைத்து அளவோடு உண்பது ஒன்று. பச்சையாகச் சாறெடுத்து நாள்தோறும் பருகுவது வேறு. 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்காக அவ்வாறு பருகிய பலருக்குச் சிறு மூச்சுக்குழல்கள் நிரந்தரமாகச் சேதமடைந்தன.

வார்ஃபாரின் போன்ற இரத்த உறைதலைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் செயலை மாற்றும். சிறுநீரக நோயாளிகள் முருங்கைக்கீரை முதலான பொட்டாசியம் மிகுந்த கீரைகளை உணவியல் ஆலோசகரைக் கேட்டே உண்ண வேண்டும். நட்சத்திரப் பழத்தை அவர்கள் முற்றிலும் தவிர்க்க வேண்டும். கேரளத்தில் இரும்பன்புளி என வழங்கும் பிலிம்பியின் சாற்றை மிகுதியாகக் குடித்த, அதுவரை நலமாயிருந்தவர்களுக்கும் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததுண்டு.

வீட்டில் வேண்டாதவை

பராமரிப்பு எளிது என்பதாலேயே நம் வீடுகளில் இடம்பிடித்த செடிகளில் அரளி முதன்மையானது. வெயிலையும் வறட்சியையும் அது பொருட்படுத்தாது; ஆடு மாடும் கடிக்காது. கடிக்காததன் காரணத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1785ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் மருத்துவப் பயனை விளக்கி நூல் எழுதினார். அந்த இனச் செடியிலிருந்து பெறப்படும் டிகாக்சினை இன்றும் நாங்கள் இதய நோயாளிகளுக்குத் தருகிறோம். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது என்பதால் கண்காணித்தே தருகிறோம். அரளியிலும் மஞ்சள் அரளியிலும் உள்ள நஞ்சு அதே வழியில் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சே.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் மற்றொன்று. தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் அதன் விதைக்காகவே வயல்களில் பயிரிடப்படுகிறது. அவ்விதையிலிருந்து கௌட் என்னும் மூட்டு நோய்க்கான கோல்ச்சிசின் மருந்து பெறப்படுகிறது. கண்வலிக்கிழங்கு எனப்படும் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. வயலுக்கு உரிய பயிர் குழந்தைகள் விளையாடும் முற்றத்திற்கு உரியதன்று. குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை ஆகியவற்றையும் தவிர்க்கவும். எருக்கு, கள்ளி ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் உடனே தூய நீரால் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தினருக்கு மட்டும் ஒரு சொல். நீண்ட நோய் சிலரின் மனத்தைத் தளரச் செய்கிறது. அத்தகையோர் வாழும் வீட்டில் நச்சுச் செடிகள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதிருப்பதே ஒரு பாதுகாப்பு. அவர்களுடைய பேச்சில் நம்பிக்கையிழப்புத் தென்பட்டால் எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். 104 என்னும் எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். எவரேனும் நச்சுச் செடியை உட்கொண்டதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்கச் செய்தோ வீட்டு வைத்தியம் செய்தோ நேரத்தை இழக்காமல், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். செடியின் ஒரு கிளையையும் உடன் கொண்டுவாருங்கள்.

மண்ணைத் தொடும்போது

நீண்ட நாள் சர்க்கரை நோயினால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு முள் தைப்பது தெரியாது. மூடிய காலணி அணிந்து வேலை செய்து, முடிந்ததும் சோப்பினால் கழுவி, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். மழைக்கால ஈரமண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி சர்க்கரை நோயாளிகளையே பெரிதும் தாக்குகிறது, கையுறை அவசியம். டயாலிசிஸ் பெறுவோர் ஃபிஸ்டுலா உள்ள கையால் ரோஜா, எலுமிச்சை போன்ற முட்செடிகளைக் கையாள வேண்டாம். கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் மண் கிளறுவதையும் மக்கிய எருவைக் கையாள்வதையும் பிறரிடம் விட்டுவிடட்டும்; அதிலுள்ள பூஞ்சை நுண்துகள்கள் நுரையீரலைப் பாதிக்கும். தொட்டிகளின் அடித்தட்டுகளை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டைகள் காய்ந்த தட்டிலும் பல மாதம் உயிருடன் இருக்கும்.

முதலில் மூன்றே செடிகளுடன் தொடங்குங்கள். அவை வேரூன்றி, உங்கள் உடலும் தேறிய பின்னர் நான்காவதைப் பற்றி எண்ணலாம். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, மருந்துப் பட்டியலுடன் உங்கள் தோட்டத்தில் உள்ள செடிகளின் பட்டியலையும் கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்தே பார்த்து ஆலோசனை கூறுகிறோம்.