பித்தப்பைக் கல்லுக்கு வாழைத்தண்டு சாறு பலன் தருமா? சிறுகுடலில் நடப்பது என்ன?

காவிரிக்கரையில் உள்ள முசிறி, தொட்டியம் பகுதிகளில் வாழைத்தண்டுக்கு பஞ்சமே இல்லை. "வயித்துல கல்லு இருக்காம்" என்று யாராவது சொன்னால், "தண்டு சாறு குடி, கரைஞ்சிடும்" என்பதுதான் முதல் யோசனை. ஆனால் சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு. சிறுநீரகக் கல் சிறுநீரோடு வெளியேற வழி உண்டு. பித்தப்பையிலிருந்து கிளம்பும் பாதை போய்ச் சேருவது சிறுகுடலில்.

பித்தநீருக்கு என்ன வேலை?

கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டருக்கும் மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கெட்டியாக்கி சேமித்து வைப்பது பித்தப்பை. இதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான். எண்ணெய், நெய், கறி என கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் முதல் பகுதிக்கு வந்ததும், அங்கிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கும். உடனே பித்தப்பை சுருங்கி பித்தநீரை அனுப்பும். அது கொழுப்பை சிறு துளிகளாக உடைத்தால்தான் கணையத்தின் நொதிகளால் செரிக்க முடியும். ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் உறிஞ்சுவதற்கும் பித்தநீர் வேண்டும்.

கல் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்

பித்தப்பைக்குள் கல் சும்மா கிடந்தால், பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் வராது. ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது என்பதற்காக எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது.

பித்தப்பையின் வாயை கல் அடைத்தால், சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ கடுமையாக வலிக்கும். முதுகு, வலது தோள்பட்டை வரைக்கும் வலி பரவலாம். இதைத்தான் பலரும் 'கேஸ்' என்று நினைத்து சோடா குடித்து சமாளிக்கிறார்கள். இந்த நிலையிலும் கல்லீரலில் இருந்து பித்தநீர் நேராக குடலுக்குப் போவதால் செரிமானம் நடக்கும்.

கல் நழுவி பொதுப் பித்தக் குழாயை அடைத்தால்தான் சிக்கல். பித்தநீர் குடலுக்கு வராது. கொழுப்பு செரிக்காமல் மலம் வெளிறிப் போகும். சிறுநீர் அடர்நிறமாகும், கண் மஞ்சளாகும். அடைப்பு நீடித்தால் வைட்டமின் கே குறைந்து ரத்தம் உறைவதிலும் பிரச்சனை வரும். கணையக் குழாயும் அதே இடத்தில் திறப்பதால் கணைய அழற்சி ஏற்படும் அபாயமும் உண்டு.

'காமாலைதானே' என்று இருக்கலாமா?

கண் மஞ்சளானதும் கீழாநெல்லி சாப்பிட்டுக்கொண்டு நாள் கடத்துவது இங்கேதான் ஆபத்தாகிறது. கல் அடைத்து வரும் காமாலையில் அடைப்பை நீக்கியே ஆக வேண்டும். காமாலையோடு குளிர் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அது அவசர நிலை. முசிறியிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் சாப்பாடு செரிக்குமா?

செரிக்கும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். பித்தப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு. ஆபரேஷனுக்குப் பிறகு பித்தநீர் சிறுகச் சிறுக நேரடியாக குடலுக்குப் போகும். சிலருக்கு கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கு இருக்கலாம். எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்து, அளவாகப் பிரித்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.