மாலை வராத மாப்பிள்ளை

நடுவர் அவர்களே, இளையாத்தங்குடிப் பெருமக்களே!

இணையத்திலே வருகிற உறவு வரமா, வலையா? வலை என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி கேட்டார்: "ஐயா, முகம் தெரியாதவன் எல்லாம் திருடனா?" இல்லை தம்பி. ஆனால் திருடனுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

இந்த ஊரையே பாருங்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. இதற்குள்ளேயே ஏழு பிரிவு. சம்பந்தம் பேச வந்தால், 'எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீடு?' என்று கேட்காமல் ஆச்சிமார் காப்பிகூடத் தரமாட்டார்கள்! கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். புதிதாக வந்தவர் முகப்பிலேதான் உட்காரணும்; வளவுக்குள்ளே நுழைய நாளாகும். கைப்பேசி என்ன செய்தது? முன்பின் தெரியாதவனை நேரே பிள்ளையின் தலையணைப் பக்கத்திலே உட்கார வைத்துவிட்டது!

வள்ளுவர் 79ஆம் அதிகாரத்துக்கு 'நட்பு' என்று பேர் வைத்தார். அடுத்ததே 'நட்பாராய்தல்'. முதலில் ஆராய்ந்து பார், பிறகு பழகு என்கிறார்.

எதை ஆராய்வது? ஒன்று, அவசரம். பத்து நாள் பழக்கத்திலே "நீதான் என் உயிர்" என்பான். இரண்டு, ஒளிவு. முகம் காட்டிப் பேசச் சொன்னால் கப்பலிலே இருக்கேன், ராணுவத்திலே இருக்கேன் என்பான். மூன்று, பணம். லண்டனிலிருந்து பரிசு அனுப்பினேன், சுங்க வரி கட்டு என்பான். தனியார் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலே வரி கட்டச் சொல்லுமா சுங்க இலாகா? நான்கு, படம். "எனக்கு மட்டும்தானே" என்று கேட்பான். நாளைக்கு அதையே காட்டி மிரட்டுவான். ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் தாய்: "வீட்டிலே சொல்லாதே!" விசாரிக்கிற ஆளையெல்லாம் விலக்குகிறவன், மாலை வராத மாப்பிள்ளை.

பொள்ளாச்சியிலே நடந்தது நினைவிருக்கும். முகநூல் பழக்கம், நேரிலே சந்திப்பு, படமெடுத்து மிரட்டல். 2019 பிப்ரவரியிலே ஒரு கல்லூரி மாணவி வீட்டிலே சொன்னார், புகார் கொடுத்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சி ஒருவர்கூடப் பிறழவில்லை. அத்தனைக்கும் தொடக்கம், ஒரு பெண் வாய் திறந்தது.

என் மாணவி ஒருத்தி இப்படித்தான் வளையலை அடகு வைத்துப் பணம் அனுப்பிவிட்டு வந்து நின்றாள். "ஐயா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கொன்னுடுவார்." எனக்குப் பகீரென்றது. ஏமாற்றியவனைவிடப் பெற்றவரை நினைத்தல்லவா நடுங்குகிறாள்! நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த அப்பா திட்டவில்லை, தேம்பி அழுதார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியாதே!

ஏமாந்தவர்கள் மேற்கொண்டு ஒரு பைசா கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள்; அதுதான் சாட்சி. பணம் போனால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் வங்கியிலே பணத்தை நிறுத்திவைக்க வழியுண்டு.

பெற்றவர்களே, மோசக்காரன் முதல் போடுவது அவன் பணத்தை அல்ல; உங்கள் கோபத்தை. இன்றைக்கு ராத்திரியே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "என்ன தப்பு நடந்தாலும் முதல்லே என்கிட்ட சொல்லு, திட்டமாட்டேன்." அந்த ஒரு வார்த்தையிலே வலை அறுந்துவிடும்.