விழுப்புரம் ஏழு, திண்டிவனம் ஏழு

தை பிறந்துவிட்டால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சாலையோர ஊர்களில் மின்னொளி கபடிப் போட்டி போஸ்டர்கள் முளைத்துவிடும். மண்ணைச் சலித்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கம்பம் நட்டு விளக்கு கட்டினால் ஆடுகளம் தயார். விடிய விடிய ஆட்டம். ஜெயித்த அணி சுழற்கோப்பையோடு வேனில் ஏறிவிடும். விக்கிரவாண்டிப் பக்கத்து ரெய்டரும் மரக்காணத்துக் கேட்ச்சரும் ஒரே அணியில் நின்றால் எப்படி இருக்கும் என்ற பேச்சு மட்டும் டீக்கடையில் மிஞ்சும்.

அந்தப் பேச்சை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. விழுப்புரம் வட்டாரத்தின் சிறந்த ஏழு பேர், திண்டிவனம் வட்டாரத்தின் சிறந்த ஏழு பேர், வருடத்துக்கு ஒரே ஒரு ஆட்டம்.

இப்படிப்பட்ட நட்சத்திர ஆட்டத்துக்கு முன்னோடி அமெரிக்க பேஸ்பால். 1933 ஜூலை 6-ம் தேதி, சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த சமயம், 'சிகாகோ டிரிப்யூன்' விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டின் யோசனையில் முதல் ஆட்டம் நடந்தது. அந்த விளையாட்டின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டும் அப்போது, இரு லீக் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரைத் தவிர, சீசனில் வேறெங்கும் நேருக்கு நேர் மோதியதில்லை. அதனால் யார் பெரியவர் என்ற கேள்விக்கு நிஜமான மதிப்பு இருந்தது. பேப் ரூத் ஹோம் ரன் அடித்தார், கூட்டம் சொக்கிப்போனது. 1997-ல் இரு லீக் அணிகளும் வழக்கமான சீசனிலேயே மோதத் தொடங்கியதும் அந்த அபூர்வம் குறைந்துவிட்டது.

2002-ல் மில்வாக்கியில் நடந்த நட்சத்திர ஆட்டம் 11 இன்னிங்ஸ் ஆடியும் 7-7. பந்து வீச ஆள் இல்லை என்று ஆட்டத்தை அப்படியே முடித்தார்கள். ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். மறுவருடமே ஒரு பந்தயம் வைத்தார்கள்: நட்சத்திர ஆட்டத்தில் ஜெயிக்கும் லீகின் அணிக்கு உலகத் தொடரில் சொந்த மண் சாதகம். 2016 வரை அது நீடித்தது. என் கணக்கில் அது தப்பான மருந்து. கடைசியில் உலகத் தொடருக்குப் போகும் ஓர் அணிக்குக் கிடைக்கும் ஆதாயத்துக்காக மற்ற ஊர்க்காரன் ஏன் கைதட்டுவான்? 2025-ல் அட்லாண்டாவில் 6-6 என்று ஆனபோது வேறு வழி கண்டார்கள். அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று அடி. கைல் ஷ்வார்பர் மூன்றையும் ஹோம் ரன்னாக அடித்து நேஷனல் லீகை ஜெயிக்க வைத்தார். சனம் எதைப் பார்க்க வந்ததோ அதையே கண்ணெதிரில் கொடுத்தார்கள். கபடியிலும் சமன் ஆனால் ஐந்தைந்து ரெய்டு என்ற முறை புரோ கபடியில் உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பேஸ்பால் வழியை முழுசாக எடுத்துக்கொள்ளத்தான் முடியாது. அங்கே மட்டையும் பந்தும் ஆளுக்கு ஆள் மோதல். முந்தின நாள் சந்தித்தவர்கள்கூட ஓர் அணியாக ஆடிவிடலாம். கபடியில் கார்னரும் அடுத்தவனும் கைகோர்த்து நிற்கிறார்கள். ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிற நொடியில் கார்னர் கணுக்காலில் விழ வேண்டும்; அதே நொடியில் பக்கத்து ஆள் இடுப்பை அணைக்க வேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினால் ரெய்டர் இருவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். இந்தப் பழக்கம் கண்ணும் கையும் சேர்ந்து வருவது. ஆகவே ஆட்டத்துக்கு முன் ஒரு வாரமாவது சேர்ந்து பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைவிட அது பெரிய விருந்தாக இருக்கும்.

ஆட்களை யார் தேர்ந்தெடுப்பது? ரசிகர்கள்தான். ஆனால் 1957-ல் சின்சினாட்டியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் வாக்குச் சீட்டுகளைக் குவித்துத் தங்கள் ரெட்ஸ் அணியிலிருந்தே ஏழு பேரை நட்சத்திர ஆட்டத்தின் முதல் வரிசைக்கு அனுப்பினார்கள். ஆணையர் ஃபோர்ட் ஃபிரிக் இருவரை நீக்கி, வில்லி மேஸையும் ஹேங்க் ஆரனையும் சேர்த்தார். ரசிகர்களிடமிருந்து வாக்குரிமையே பறிபோனது. 1970-ல்தான் திரும்பக் கிடைத்தது. நம்மூரில் பாதி இடம் ரசிகர் வாக்குக்கு, மீதி நடுவர்களும் எதிரணி கேப்டன்களும் சொல்லும் பெயருக்கு என்று பிரிக்கலாம். ஒரு கிளப்பிலிருந்து இருவருக்கு மேல் கூடாது.

இந்த விதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோயில் நுழைவு பற்றிய சாதித் தகராறில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023-ல் சீல் வைக்கப்பட்ட மாவட்டம் இது. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் தனித்தனி அணி இருக்கும் கிராமங்களை இங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கத்துப் பையன்களும் கைகோர்த்து ஒரே ரெய்டரைப் பிடிக்கிற காட்சியை இரண்டு பக்கத்துச் சனமும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஜெர்சியில் ஊர்ப்பெயர் மட்டும் போதும். இந்த ஆட்டம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதே முக்கியமாக இதற்காகத்தான்.

பெண்கள் ஆட்டத்தை ஒப்புக்கு வைக்கக் கூடாது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் ஆடிவிட்டு வந்தபிறகு, கபடிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்கிற பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. அவர்கள் ஆட்டம் மாலை ஆறு மணிக்கே தொடங்கட்டும். கழிப்பறையும், திரும்பிப் போகப் பஸ்ஸும் இருந்தால் அம்மாக்களும் வருவார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத் தலைமையகமே இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆட்டம் முடிந்து இரண்டு சிறப்புப் பேருந்து கேட்பது பெரிய காரியமில்லை.

சவுக்குக் கட்டையில் கேலரி கட்டுவதை விட்டுவிட வேண்டும். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில், தேசிய ஜூனியர் கபடியின்போது கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயம்பட்டார்கள். 2022-ல் பண்ருட்டி பக்கம் ஓர் இளைஞர் ஆடும்போதே களத்தில் உயிரை விட்டார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸும் ஒரு மருத்துவரும் வராமல் விசில் ஊதக் கூடாது.

பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முதல் ரெய்டுக்கு முன்பே முடிந்துவிடட்டும். இரு பாதிகளுக்கு நடுவே மைக் வர்ணனையாளர் கையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரரும் எந்த ஊர், எந்தக் கிளப் என்று அவர் சொல்லச் சொல்லத்தான் கூட்டம் சூடேறும்.

ஒரு வருடம் விழுப்புரத்தில், மறுவருடம் திண்டிவனத்தில். வசூலாகும் பணம் ஜெயித்த அணிக்குப் போக வேண்டாம். முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சைக்கும் அதற்குப் பிந்தைய மாதங்களுக்கும் வழியில்லாமல் ஆட்டத்தை விட்ட பையன்கள் இரண்டு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். ஜெயிக்கும் அணி, தன் வட்டாரத்தில் அப்படி ஒருவரின் பெயரைச் சொல்லட்டும். பணம் அவருடைய சிகிச்சைக்குப் போகட்டும்.