பாக்கியின் கணக்கும் பாடமாக வேண்டும்

பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறிக் கூடங்களில் தொழிலாளர் பெறும் முன்பணத்தைப் ‘பாக்கி’ என்றே சொல்வதுண்டு. வேலையில் சேரும் நாளிலேயே தொழிலாளி கடனாளியாகிவிடுகிறார் என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. வேறு தறிக்குச் செல்ல வேண்டுமானால், புதிய முதலாளி பழைய பாக்கியைச் செலுத்த வேண்டும். கடன் கைமாறுகிறதேயன்றித் தீர்வதில்லை. 2025 ஜூலையில், கடனில் சிக்கிய பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் வழியே விற்கப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

பள்ளிகளில் நிதிக் கல்வி வேண்டும் என்ற கோரிக்கையை நாம் இந்தப் பின்னணியில்தான் ஆதரிக்கிறோம். அக்கல்வி சேமிப்பு, காப்பீடு, பங்குச்சந்தை என்ற அளவில் நின்றுவிடலாகாது. நிலமும் தறியும் சொந்தமில்லாத அருந்ததியர் குடும்பத்துப் பிள்ளைக்குச் சிக்கனத்தை மட்டும் போதிப்பது, வறுமைக்கான பழியை அக்குடும்பத்தின் மீதே சுமத்துவதாகும். நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது கடனின் கணக்கை.

தனிவட்டி ஏற்கெனவே பாடநூலில் உள்ளது. அதை வீட்டுக் கணக்கோடு இணைத்தால் போதும். மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால், ஓராண்டில் வட்டி மட்டுமே 24,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். 12,000 ரூபாய்க் கடனுக்கு ‘12 விழுக்காடுதான்’ என்று கூறி, மாதம் 1,120 ரூபாய் வீதம் 12 தவணை வசூலித்தால், உண்மை வட்டி ஏறத்தாழ 21 விழுக்காடு. மாதந்தோறும் அசல் குறைந்தாலும், முழு அசலுக்கே வட்டி கணக்கிடப்படுவதே இதற்குக் காரணம்.

கணக்கோடு சட்டமும் கற்பிக்கப்பட வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நுண்கடன் தவணைக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. முன்பணத்தைக் காட்டி ஒருவர் வேறிடத்தில் வேலை செய்யும் உரிமையைப் பறிப்பது, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் கடப்பாட்டையும் அச்சட்டம் நீக்குகிறது.

மாணவரின் கைக்கு நேரடியாக வரும் பணமும் உண்டு. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை, கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆகியவை அவர்களின் வங்கிக் கணக்கிலேயே சேர்கின்றன. கணக்கைத் தொடங்கவும் ஆதாருடன் இணைக்கவும் வரவைச் சரிபார்க்கவும் பள்ளியிலேயே பழக்கினால், தரகருக்கு இடமிராது.

அண்ணல் அம்பேத்கர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதினார். பணத்தின் இயக்கத்தை ஆராய்வது நமக்குப் புதிதன்று.

எனினும், பிள்ளை கணக்கறிந்ததால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்வதும், கொத்தடிமை முறையைக் கண்டறிந்து மீட்பதும் அரசின் கடமை. அக்கடமையைக் கேட்டுப் பெறுவதற்கு ஆவணம் தேவை. வாங்கிய பாக்கி எவ்வளவு, கூலியில் பிடித்தது எவ்வளவு என்று மகள் தன் நோட்டில் தேதியிட்டு எழுதிவரும் கணக்கு, நாளை கோட்டாட்சியரிடம் பெற்றோர் அளிக்கும் மனுவுக்கு வலுச்சேர்க்கும்.